நாடகமும் மடியிற் குழந்தையும்

இரண்டு வயதுப் பிள்ளையை நாடகம் பார்க்கக் கொண்டு போகலாமா என்னும் வினா எங்கள் கரைக்குப் புதியது. 1961ஆம் ஆண்டில் அம்பாறை தனி மாவட்டமாக வகுக்கப்படுமுன் மட்டக்களப்போடு ஒன்றாயிருந்த இந்நிலத்தில், கூத்தென்றால் வீடு முழுவதும் புறப்படும். பாயும் தலையணையும் போகும், மடிப்பிள்ளையும் போகும். அதற்கு எவரும் எவரிடமும் அனுமதி கேட்டதில்லை.

வட்டக்களரியின் அமைப்பே குழந்தைக்கு இடங் கொடுப்பது. ஆடுவோர் நடுவில், பார்ப்போர் சுற்றிவர. இரவு தொடங்கும் கூத்து விடியும்வரை நடப்பதால், பிள்ளை பாயிலே உறங்கும். மத்தளம் உரத்து அரசன் வரவு தொடங்கினால் விழிக்கும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மீண்டும் உறங்கும். அழுதால் தாய் எழுந்து களரியின் புறத்தே உலாவி வருவாள். ஆட்டத்தைக் கண்ணுக்கெட்டாத தொலைவில் விட்டுப் போக வேண்டுவதில்லை. இன்னொன்றும் உண்டு. அரங்கேற்றத்துக்கு முன் மாதக்கணக்கில் அண்ணாவியார் ஊரிலேயே கூத்துப் பழக்குவார். அயல்வீட்டுப் பிள்ளை அந்தத் தாளத்தை நாள்தோறும் கேட்டிருக்கும். முடி தரித்து வரப்போகிறவனை வெறுமேனியோடு ஆடக் கண்டிருக்கும். அரங்கேற்ற இரவிலே அதற்குப் புதியன ஒப்பனையும் உடையுமே.

இவையெல்லாம் தமிழ்ச் சிற்றூர்களுக்கே உரியவை, முஸ்லிம் ஊர்களுக்கு என்ன உறவு என்று கேட்போர் எம் ஊர்களை அறியாதவர். மருதமுனைக்கும் பாண்டிருப்புக்கும், சாய்ந்தமருதுக்கும் காரைதீவுக்கும் இடையே எல்லை ஒரு வேலிதான். மத்தள ஒலி வேலியில் நிற்பதில்லை. களிகம்பும் பொல்லடியும் சிலம்பமும் எம்மவர் கலைகள். அவற்றையும் நாம் பிள்ளையைத் தோளிலேற்றித்தான் பார்த்தோம். அவற்றைப் பயிற்றுவோனும் அண்ணாவியே. திண்ணைப் பள்ளி ஆசிரியனுக்கும் அதுவே பெயராதலால், எம் போன்றோர் அச்சொல்லைக் கேட்டுச் சற்றே பெருமை கொள்வதில் தவறில்லை.

கதை விளங்காத பிள்ளைக்கு நாடகம் எதற்கு என்பார் பலர். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் மருட்கைக்கு, அதாவது வியப்புக்கு, நான்கு நிலைக்களன் கூறினார்: புதுமை, பெருமை, சிறுமை, ஒன்று வேறொன்றாக ஆகும் ஆக்கம். இந்நான்கில் எதற்குக் கதை தெரிய வேண்டும்? தாடியொட்டிய மாணவன் அரசனாகி நிற்பதைக் கண்டு வாய் பிளக்கும் மழலைக்கு நான்கும் ஒரே நொடியில் வாய்க்கின்றன. ஆசிரியர் மருட்கையை அடுத்து அச்சத்தை வைத்த முறையும் கருதத்தக்கது. சிறு பிள்ளையிடத்தே இவ்விரண்டுக்கும் இடைவெளி மிகக் குறைவு. இன்று வியந்த முகமே மறு கணம் தாயின் தோளிற் புதையும். புதைந்த முகம் சற்றுப் பொறுத்து ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்க்கும். அந்த ஒரு கண்தான் நாளைய சுவைஞன் பிறக்குமிடம் என்பது என் துணிபு.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் பேராதனையிற் 'கர்ணன் போர்' கூத்தை மேடையேற்றி, விடிய விடிய ஆடியதைச் சில மணிப் பொழுதுக்குள் அடக்கிக் கற்றோர் அவைக்குக் கொணர்ந்தார். அத்தொண்டு பெரிது. அன்றேல் கூத்துக்குப் பல்கலைக்கழக வாயில் திறந்திராது. ஆயினும் படச்சட்ட மேடை தன்னோடு சில கட்டளைகளையும் கொணர்ந்தது: இருள், வரிசை நாற்காலி, மௌனம். இம்மூன்றும் மழலைக்குப் பகை.

கல்முனைப் பக்கத்து மண்டபமொன்றில் இதை நான் கண்ணாரக் கண்டேன். இரண்டரை வயதுப் பேத்தி என் மகளின் மடியிலிருந்தாள். அரசன் நுழைந்ததும், "உம்மா, ராசா வாறார்!" என்று உரக்கக் கூவினாள். அவையோர் சிலர் சிரித்தனர், நடிகனும் முறுவலித்தான். ஆனால் வாயிலில் நின்ற இளைஞர் குனிந்து வந்து, "சேர், புள்ளய வெளிய கொண்டு போகச் சொல்லுங்க" என்றார். பேத்தி போனாள், மகளும் போனாள். மீதி நாடகத்தை அவள் விறாந்தையில் நின்று காதால் மட்டும் கேட்டாள். குழந்தைக்கு விதித்த தடை தாய்க்கு விதித்த தடையாகிவிடுவதை எம் நாடக மன்றங்கள் எண்ணிப் பார்த்தனவா? எம் ஊர்களில் மகளிர் அவை மெலிந்திருப்பதற்குக் காரணம் தேடுவோர் இந்த விறாந்தையிலிருந்து தேடத் தொடங்கலாம்.

நடிகர்க்கு இடையூறு என்னும் வாதம் பொய்யன்று. மெல்லிய உரையாடலால் நகரும் சோக நாடகத்துக்கு மழலையைக் கொண்டு போதல் இரு சாராருக்கும் கொடுமை. ஒலிபெருக்கி காதைப் பிளக்கும் மண்டபத்துக்கும் கொண்டு போகலாகாது. மத்தளத்துக்கு ஒதுங்கி உட்காரலாம், ஒலிபெருக்கிக்கு ஒதுங்க இடமேது? பிள்ளைகளுக்கென்றே எம் நாட்டில் நாடகம் எழுதியோர் உளர். குழந்தை ம. சண்முகலிங்கத்தின் 'கூடி விளையாடு பாப்பா'வும் சி. மௌனகுருவின் 'தப்பி வந்த தாடி ஆடு'வும் ஆசிரியர்கள் நன்கறிந்தவை. ஆனால் அவை பள்ளி புகுந்த பிள்ளைகளுக்கே பெரிதும் பொருந்துவன. மூன்று வயதுக்குட்பட்டாரை நோக்கி இத்தாலியின் பொலோஞ்ஞா நகரத்து நாடகக் குழுவொன்று 1987இல் மழலையர் காப்பகங்களோடு சேர்ந்து பணி தொடங்கி, அவ்வயதினர்க்கென்றே நாடகம் ஆக்கியது. அங்கே அது புதுமுயற்சி. இங்கே நாம் கைவிட்ட பழக்கம்.

எங்கள் கல்லூரி ஆண்டு விழாவில் இப்போது முன்வரிசை நாற்காலிகளை எடுத்துவிட்டுப் பாய் விரிக்கிறோம். அவையின் விளக்குகளில் இரண்டை அணைப்பதில்லை. பிற்பகலில் நடிகர்கள் ஒப்பனையில்லாமல் வந்து பிள்ளைகளோடு இருந்து, அவர்கள் கண்முன்னே தாடியை ஒட்டிக்கொள்வார்கள். வாயில் திறந்தே இருக்கும். அழுகிற பிள்ளையோடு போகும் தாய் எப்போதும் திரும்பி வரலாம். சென்ற முறை மூன்று பிள்ளைகள் அழுது வெளியேறின. இரண்டு திரும்பி வந்தன. மூன்றாவது உறங்கிவிட்டது என்று அதன் மூத்தம்மா சொன்னார். சொல்லிவிட்டுத் தாம் வந்து பாயில் அமர்ந்து கடைசிக் காட்சிவரை பார்த்தார்.