தேனாக ஒரு பாட்டு. முடிவில் அதல பாதாளம்!

வடக்கனந்தலில் நின்று பார்த்தால் கல்வராயன் மலை கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது போலத் தோன்றும். மலைக்கு இந்தப் பக்கம் கள்ளக்குறிச்சி. அந்தப் பக்கம் சேலம் ஜில்லா. சேலத்தில், ஏற்காட்டுக்குப் போகிற சாலையில்தான் டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோ இருந்தது. நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் அங்கே உருவாயின. இன்று ஸ்டூடியோ இல்லை. அதன் வாசல் வளைவு நிற்கிறது. ஆனால் 1950-ல் அந்த ஸ்டூடியோ தந்த ஒரு மலைப் பாட்டு மட்டும் இன்னும் ஜனங்களின் வாயில் இருக்கிறது. 'மந்திரி குமாரி' படத்தில் வரும் 'வாராய் நீ வாராய்' தான் அது.

தமிழ்ப் படங்களில் பாட்டுக்குப் பஞ்சம் ஏது? காதலர் சந்தித்தால் பாட்டு, பிரிந்தால் பாட்டு, அழுதால் பாட்டு. அவற்றில் பாதியைக் கத்தரித்து எறிந்தாலும் கதைக்கு ஒரு குறையும் வராது. இந்தப் பாட்டை வெட்டினாலோ கதையே நொண்டியாகிவிடும்!

புருஷனே எமன்!

கதை பழையது. ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான குண்டலகேசியில் வருவது. காப்பியத்தில் நமக்குக் கிடைத்திருப்பவை சில பாடல்களே. ஆனாலும் கதை நிலைத்துவிட்டது. மரண தண்டனைக்குள்ளான ஒரு கள்வனை விரும்பி மீட்டு மணக்கிறாள் ஒரு பெண். அவனோ அவளையே கொல்லத் துணிந்து மலையுச்சிக்கு அழைத்துப் போகிறான். இதைத் தழுவி மு. கருணாநிதி வசனம் தீட்டினார். எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கரும் டி.ஆர். சுந்தரமும் டைரக்ட் செய்தார்கள்.

படத்தின் கதாநாயகன் எம்.ஜி.ஆர். ஆனால் இந்தப் பாட்டு அவருக்கு இல்லை. வில்லன் பார்த்திபனாக வரும் எஸ்.ஏ. நடராஜனுக்கும், மந்திரி குமாரி அமுதவல்லியாக வரும் மாதுரி தேவிக்கும் உரியது. கணவன் ஆசையாகக் கூப்பிடுகிறான். மனைவி பூரித்துப் போய் உடன் பாடுகிறாள். போய்ச் சேர வேண்டிய இடம் பக்கத்தில்தான் என்கிறான் அவன். முதல் தடவை கேட்கிறவருக்கு அது கொஞ்சல். இரண்டாம் தடவை படம் பார்க்கிறவருக்கோ முதுகு சில்லிட்டுப் போகும். எந்த இடம் என்பதுதான் தெரிந்துவிட்டதே!

உச்சியில் பாட்டு நிற்கிறது. அவன் வேஷம் கலைகிறது. அவள் கதறவில்லை. கடைசி ஆசையாக, கணவனை மூன்று முறை வலம் வர அனுமதி கேட்கிறாள். சுற்றி வந்தவள் அவனையே பள்ளத்தில் தள்ளிவிடுகிறாள்.

சங்கீத டைரக்டர் ஜி. ராமநாதனின் சாமர்த்தியம் இங்கேதான். பயமுறுத்தும் மெட்டு ஒன்றைப் போட்டிருந்தால் அமுதவல்லியே உஷாராகியிருப்பாள். கொட்டகையில் இருப்பவர்களும் கொட்டாவி விட்டிருப்பார்கள். அவர் போட்டது தாலாட்டைப் போன்ற மெட்டு. திருச்சி லோகநாதனின் குரலில் வஞ்சகத்தின் சாயலே இல்லை. கூடப் பாடிய ஜிக்கிக்கு அப்போது பதினாறு வயதுகூட நிரம்பவில்லை. அந்தப் பிஞ்சுக் குரல்தான் கேட்பவர் வயிற்றைப் பிசைகிறது.

இசைத்தட்டில் இன்னொரு வேடிக்கை. தட்டில் பாட்டு மட்டும்தானே உண்டு? தள்ளிவிடும் கட்டம் கிடையாது. ஆகவே வடக்கனந்தலில் ஒரு கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் இந்தத் தட்டைப் போட்டால், படம் பார்க்காதவருக்கு அது மணமகன் மணமகளை அழைக்கும் பாட்டு. பார்த்தவர்தான் நமுட்டுச் சிரிப்புச் சிரிக்க வேண்டும்.

சீட்டியும் பிடிலும்

மேல்நாட்டிலும் இப்படி உண்டு. 1931-ல் ஜெர்மனியில் பிரிட்ஸ் லாங் எடுத்த 'எம்' படத்தில் குழந்தைகளைக் கொல்லும் பாதகன் ஒருவன் வருகிறான். அவன் எப்போதும் ஒரே மெட்டைச் சீட்டியடிப்பான். நார்வே நாட்டு இசைமேதை கிரீக் அமைத்த மெட்டு. பலூன் விற்கும் கண்ணில்லாத கிழவர் அந்தச் சீட்டியைக் கேட்டுத்தான் அவனை அடையாளம் காட்டுகிறார். 1960-ல் வந்த ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'வில் பெர்னார்ட் ஹெர்மன் செய்தது வேறு. குளியலறைக் கொலைக்குப் பிடில்களையே அலற வைத்தார். அந்தக் கட்டத்துக்குச் சங்கீதமே வேண்டாம் என்று முதலில் சொன்னவர் ஹிட்ச்காக்! கேட்ட பிறகு மனம் மாறினார். ஆனால் அங்கே கத்தியோடு சேர்ந்து வாத்தியமும் கத்துகிறது. சேலத்துக் கொலைகாரனோ கொஞ்சிக்கொண்டே போகிறான். எது பயங்கரம் என்று ரசிகர்களே சொல்லட்டும்.

'மந்திரி குமாரி' வந்து நான்கு வருஷம் கழித்து ஏ.வி.எம். நிறுவனத்துக்காக எஸ். பாலசந்தர் 'அந்த நாள்' என்ற படத்தை எடுத்தார். அதிலும் கொலைதான், கொலையுண்டவன் சிவாஜி கணேசன். பாட்டில்லாமல் தமிழ்ப் படம் ஓடுமா என்று பலரும் திகைத்த காலம். அதில் ஒரு பாட்டுகூடக் கிடையாது. எடுத்தவரோ வீணை வித்துவான்!