மலைமகளே மலையின் செவிலி

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் கடைசிக் குறளில் மருத்துவத்தை நான்கு பகுதிகளாகப் பிரித்துக் காட்டுகிறார். நோயுற்றவர், நோய் தீர்க்கும் மருத்துவர், மருந்து, அருகிலிருந்து அதைக் கொடுப்பவர் என்பன அந்த நான்கு. முதல் மூன்றைப் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். நான்காமவரைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஆனால் மருத்துவரும் மருந்தும் தொலைவில் இருக்கும் ஊர்களில் அந்த நான்காமவரை நம்பியே பல உயிர்கள் இருக்கின்றன. இன்று அவரைச் சமூக சுகாதாரப் பணியாளர் என்கிறோம். அவருடைய பணி என்ன, அவர் எவ்வாறு பயிற்சி பெறுகிறார், நம்மைப் போன்ற மாணவியர் அப்பணியில் சேர வழி என்ன என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

நமக்கு அருகிலேயே கல்வராயன் மலை இருக்கிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி அது. அங்கு வாழ்வோருள் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். மலையில் வாழ்பவர் என்பதால் வந்த பெயர் இது. 1976-ஆம் ஆண்டு வரை இம்மலை மூன்று ஜாகிர்களாக இருந்தது. அதன் பிறகே அரசின் நேரடி நிர்வாகத்திற்குள் வந்தது. ஆகவே சாலையும் பள்ளியும் மருத்துவமும் சமவெளியைவிடக் காலந்தாழ்ந்தே மலையேறின. 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. 2022 ஜனவரி 12 அன்று கள்ளக்குறிச்சியை அடுத்த சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. இவை நமக்குக் கிடைத்த பெரும் பேறுகள். ஆயினும் மருத்துவமனை மலையடிவாரத்திற்கு அப்பால் இருக்கிறது. பிரசவ வலியோ மலைமேல் வருகிறது. நள்ளிரவில் பாம்பு கடித்தாலும், கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டாலும், முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று அறிந்த ஒருவர் அந்தச் சிற்றூரிலேயே இருக்க வேண்டும் அல்லவா?

அத்தகையவரை ஊர்தோறும் உருவாக்குவதற்காகவே 2005-ஆம் ஆண்டு தேசிய ஊரகச் சுகாதார இயக்கத்தின் கீழ் 'ஆஷா' பணியாளர் திட்டம் தொடங்கப்பட்டது. ஆஷா பணியாளர் அதே ஊரில் வாழும் பெண்ணாக இருக்க வேண்டும் என்பது முக்கியமான விதி. பொதுவாக ஆயிரம் பேருக்கு ஒருவர் என்பது கணக்கு. வீடுகள் சிதறிக் கிடக்கும் மலைப்பகுதிகளில் இந்த எண்ணிக்கை தளர்த்தப்படுகிறது. தொடக்கத்தில் 23 நாட்கள், ஐந்து கட்டங்களாக அவருக்குப் பயிற்சி தரப்படுகிறது. பின்னர் தாய்சேய் நலம் குறித்து மேலும் 20 நாட்கள் நான்கு சுற்றுகளாகப் பயில்கிறார்.

அந்தப் பயிற்சி எதற்குப் பயன்படுகிறது? மருத்துவமனையில் பிள்ளை பெற்றுத் திரும்பிய தாயின் வீட்டிற்கு அவர் ஆறு முறை செல்ல வேண்டும். 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் சென்று குழந்தையின் எடையைப் பார்க்கிறார். உடல் சூட்டை அளக்கிறார். தாய்ப்பால் சரியாகக் குடிக்கிறதா என்று கவனிக்கிறார். பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ, உடல் சில்லிட்டாலோ, மூச்சு வாங்கினாலோ அது ஆபத்தின் அறிகுறி என்று அறிந்து உடனே மருத்துவமனைக்கு அனுப்புகிறார். வயிற்றுப்போக்கு கண்ட பிள்ளைக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் கரைத்துக் கொடுக்கத் தாய்க்குக் கற்றுத் தருகிறார். பார்ப்பதற்கு எளிய வேலைகளாகத் தோன்றும். காலந்தவறாமல் செய்யும்போது இவையே உயிர் காக்கின்றன.

இதற்குச் சான்று தேடி வெகுதொலைவு போக வேண்டியதில்லை. கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையே, தருமபுரி மாவட்டத்தில் சிட்டிலிங்கி என்னும் பள்ளத்தாக்கு உள்ளது. 1993-ஆம் ஆண்டு டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா என்னும் மருத்துவத் தம்பதியர் அங்குச் சென்று, ஒரு குடிசையில் மருத்துவம் பார்க்கத் தொடங்கினர். அக்காலத்தில் அங்குப் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்குள் இறந்தன. வெளியூரிலிருந்து செவிலியரை அழைத்து வருவதற்காக அவர்கள் காத்திருக்கவில்லை. அந்தப் பள்ளத்தாக்கின் பழங்குடிப் பெண்களையே தேர்ந்து, நோயாளியைக் கவனிக்கவும், பிரசவம் பார்க்கவும், அறுவைச் சிகிச்சையில் உதவவும் பயிற்றுவித்தனர். மேலும் சிற்றூர்களைச் சேர்ந்த மூத்த பெண்களுக்குத் தாய்சேய் நலம் கற்பித்து, அவரவர் ஊருக்கு நலப் பணியாளராக்கினர். காலப்போக்கில் குழந்தை இறப்பு விகிதம் ஆயிரத்துக்குச் சுமார் 20 என்ற அளவுக்குக் குறைந்தது.

இந்த வெற்றியின் இரகசியம் என்ன? மருத்துவரின் திறமை ஒரு பாதி. ஊர்ப்பெண்ணின் சொல்லுக்கு ஊரில் உள்ள மதிப்பு மறு பாதி. 'ஊசி போட்டால் பிள்ளைக்குக் காய்ச்சல் வருமே' என்று அஞ்சும் தாயிடம், அவளுடைய பேச்சிலேயே பேசி, 'என் பிள்ளைக்கும் போட்டேன், இரண்டே நாளில் சரியாயிற்று' என்று சொல்ல ஊர்ப்பெண்ணால்தான் முடியும். 1970-இல் மகாராஷ்டிரத்தின் ஜாம்கெட்டில் பணி தொடங்கிய ஆரோலே தம்பதியரும் எழுத்தறியாத கிராமப் பெண்களையே நலப் பணியாளராக்கினர். அவ்விருவரும் நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்றவர்கள். 1978-இல் அல்மா ஆட்டாவில் கூடிய உலக மாநாடும் சமூக சுகாதாரப் பணியாளரின் இன்றியமையாமையை எடுத்துரைத்தது.

இனி, இத்துறையில் உள்ள கல்வி வாய்ப்புகளைப் பார்ப்போம். இவை ஓர் ஏணியின் படிகளைப் போன்றவை. துணைச் செவிலியர் மற்றும் மகப்பேறு உதவியாளர் படிப்பு இரண்டு ஆண்டுகள். இதைக் கற்றவர்களே துணை சுகாதார நிலையங்களில் கிராம சுகாதாரச் செவிலியராகப் பணியாற்றுகின்றனர். சமவெளியில் 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணை நிலையம் என்பது விதி. அடுத்த படி மூன்றாண்டுச் செவிலியர் பட்டயப் படிப்பு. துணைச் செவிலியராகப் பதிவு பெற்றவரும் இதில் சேரலாம். பட்டயம் பெற்றவர் மேலும் இரண்டு ஆண்டுகள் படித்துப் பட்டதாரியாகலாம். நேரடியாக நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங் சேரவும் வழியுண்டு.

இங்கேதான் நாம் சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. முன்பு பத்தாம் வகுப்பு தேறியவர்கள் துணைச் செவிலியர் பயிற்சியில் சேர முடிந்தது. இப்போது பன்னிரண்டாம் வகுப்பு தேறி, 17 வயது நிறைந்திருக்க வேண்டும். தகுதி உயர்ந்தது நல்லதே. ஓர் உயிரைக் காப்பவருக்கு நிறைந்த அறிவு வேண்டும். ஆனால் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி மணம் முடித்து வைக்கப்படும் பெண்ணுக்கு அந்த ஏணியின் முதற்படியே எட்டாமல் போகிறது. இழப்பு அவளுக்கு மட்டும் அன்று. அவள் ஊருக்கு வந்திருக்க வேண்டிய ஒரு செவிலியையும் அந்த ஊர் இழக்கிறது.

இந்த இடைவெளியை நிரப்புவது இரண்டே ஆண்டுகளின் படிப்பு. 18 வயதுக்கு முன் பெண்ணுக்குத் திருமணம் செய்வதைச் சட்டம் தடுக்கிறது. மலையில் அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் உள்ளன. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி செல்லும் மாணவியருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் தொடங்கப்பட்டது. வழிகள் இருக்கின்றன. அவற்றை மலையில் உள்ள பெற்றோருக்கு எடுத்துச் சொல்லும் வாய்கள்தாம் போதவில்லை.

ஆகவே தோழியரே, பொதுத்தேர்வு முடிந்ததும் உடன் படித்த தோழி ஒருத்தி பதினோராம் வகுப்பிற்கு வரவில்லையென்றால், 'ஏன்?' என்று கேளுங்கள். அவளுடைய பெற்றோரிடம் மேலே சொன்ன ஏணியை எடுத்துச் சொல்லுங்கள். நம் ஆசிரியைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். மலையிலிருந்து வந்து நம்மோடு பயிலும் தோழியர், தம் ஊருக்குத் தாமே வெள்ளையுடை அணிந்து திரும்பும் நாளை எண்ணிப் படிக்க வேண்டும். வள்ளுவர் சொன்ன அந்த நான்காமவர் கல்வராயன் மலையின் ஒவ்வோர் ஊரிலும் இருந்தால், பிறக்கும் குழந்தைகள் பிழைத்து வளரும். தாய்மார் நலமாய் இருப்பர்.

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு