மலைப்பாதைக்கு வேலி போட முடியுமா?

கோத்தகிரி, ஏற்காடு, கொடைக்கானல் கீழ்மலை என்று மலை ஊர்களுக்குப் போகிறவர்கள் இப்போது அடிக்கடி கேட்கும் புகார் ஒன்று உண்டு. போன வருடம் வரை நடந்துபோன பாதையின் குறுக்கே இந்த வருடம் இரும்புக் கேட் நிற்கிறது. தேயிலைத் தோட்டமோ காபித் தோட்டமோ கைமாறி, மனைகளாகவோ ரிசார்ட்டாகவோ மாறும்போது முதலில் மறைவது வழிதான். நடைப்பயணம் போகிறவர்களும் மலை சைக்கிள் ஓட்டுகிறவர்களும் இதைப் பற்றிப் பேசுகிறார்கள். ஆனால் அவர்களுக்கு முன்பே அந்தப் பாதையை இழப்பவர்கள் கொழுந்து பறிக்கப் போகும் பெண்களும், பள்ளிக்கு இறங்கும் பிள்ளைகளும், குலதெய்வக் கோயிலுக்கு ஏறும் முதியவர்களும்தான்.

இந்தப் பாதைகளில் பல, தார்ச்சாலைகளைவிட மூத்தவை. கொடைக்கானலுக்கு மோட்டார் சாலை வந்தது 1910-களில். அதற்கு முன் அடிவாரத்திலிருந்து கால்நடையாகவும் குதிரையிலும் டோலியிலும்தான் மலை ஏறினார்கள். நீலகிரிக்கு ஆங்கிலேயர் வந்து வழி வெட்டியது 1820-களில். படுகரும் கோத்தரும் இருளரும் அதற்கு வெகுகாலம் முன்பே தங்கள் தடங்களில் நடந்துகொண்டிருந்தார்கள். அவற்றைக் காப்பாற்ற என்ன வழி என்று கேட்பவர்களுக்காக இந்த விளக்கங்கள்.

நிலத்தைத் தனியார் வாங்கிவிட்டார், பட்டாவும் அவர் பேரில். இனி நாம் பேச என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. பாதை எந்த வகை என்பதைப் பொறுத்தது அது. பாதைக்கென்று தனிச் சர்வே எண் இருந்து, அது புறம்போக்கு என்று பதிவாகியிருந்தால், அதை யாரும் விற்கவும் முடியாது, வாங்கவும் முடியாது. பொதுச் சாலைகள், தெருக்கள், சந்துகள், பாதைகள் எல்லாம் அரசின் சொத்து என்று 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் சொல்கிறது. இருபுறமும் ஒரே ஆளின் பட்டா நிலம் இருந்தாலும் நடுவில் போகும் பாதை அவருடையதாகிவிடாது. தாசில்தார் நோட்டீஸ் கொடுத்து அகற்றலாம்.

இரண்டாவது வகை, பட்டா நிலத்துக்குள்ளேயே ஓடும் பாதை. மண் அவருடையது, அதில் நடக்கும் உரிமை மற்றவர்களுடையது. நிலத்தை வாங்கியவர் அந்த உரிமையோடு சேர்த்துத்தான் வாங்கியிருக்கிறார். மூன்றாவது வகை எந்தக் காகிதத்திலும் இல்லாத, கால்தடம் மட்டுமே சாட்சியான பாதை. மலையில் அதிகம் தொலைவது இந்த மூன்றாவது வகைதான்.

எங்கள் பாதை எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் சர்வே எண்ணைக் கண்டுபிடியுங்கள். அரசின் இ-சேவை இணையதளத்தில் பட்டா, ஏ-பதிவேட்டு விவரம், எஃப்.எம்.பி. எனப்படும் புலப்படம் மூன்றையும் பார்க்கலாம். புலப்படத்திலும் கிராம வரைபடத்திலும் ஒற்றையடிப்பாதையையும் வண்டிப்பாதையையும் புள்ளிக்கோடுகளால் காட்டியிருப்பார்கள். பொடிக் கோடுதான், ஆனால் வழக்கில் அதன் எடை பெரிது.

அங்கே இல்லையென்றால் சோர்ந்துவிட வேண்டாம். 1980-களில் நடந்த யு.டி.ஆர். எனப்படும் நிலப்பதிவு மேம்பாட்டின் பதிவுகளில் விடுபட்டவை ஏராளம். அதற்கு முந்தைய செட்டில்மெண்ட் பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். கிடைக்கத் தாமதமானால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பியுங்கள். 30 நாளுக்குள் பதில் தரவேண்டும்.

இன்னொரு புதையல் பழைய கிரயப் பத்திரங்கள். சொத்து விவரத்தின் கடைசி வரிகளைக் கவனித்துப் படிக்கவேண்டும். ‘கால்நடையாகவும் வண்டி வாகனங்களிலும் போக வர உள்ள மாமூல் தடப்பாத்தியம் சகிதம்’ என்பது போன்ற ஒரு சொற்றொடர் இருக்கும். நான்கெல்லையில் ‘வடக்கில் இட்டேரிக்குத் தெற்கு’ என்று இருந்தால், அந்த இட்டேரி, அதாவது இருபுறமும் வேலி உள்ள தடம், அன்று இருந்தது என்பதற்கு அதுவே ஆதாரம். நிலத்தை விற்றவரே எழுதிக் கொடுத்த சாட்சியம் என்பதால் அதை மறுப்பது எளிதல்ல. இந்திய சர்வே துறையின் நிலவரைபடங்களிலும் மலைப்பாதைகள் குறிக்கப்பட்டிருக்கும்.

எதிலும் இல்லை. ஆனால் பாட்டன் காலத்திலிருந்து நடக்கிறோம். அது போதாதா?

போதும், நிரூபிக்க முடிந்தால். 1882-ஆம் ஆண்டின் அனுபோக உரிமைச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, ஒளிவுமறைவில்லாமல், சச்சரவில்லாமல், தடையில்லாமல், உரிமை என்ற எண்ணத்தோடு 20 ஆண்டு பயன்படுத்திய வழியை உரிமையாக ஏற்கிறது. அரசு நிலத்தின் மீது என்றால் 30 ஆண்டு.

இங்கே சில நுணுக்கங்களைச் சொல்லியாகவேண்டும். இந்தப் பிரிவு அந்த வழியால் பலன் பெறும் நிலத்துக்காரருக்கு உதவுவது. ஞாயிற்றுக்கிழமை கோவையிலிருந்து வந்து நடப்பவர் இதைக் கேட்க முடியாது. ஒரு கிராமத்தாரின் வழக்காற்று உரிமை 18-ஆவது பிரிவில் வருகிறது. ஊரே, வழிப்போக்கரே நடந்த பாதை என்றால், உரிமையாளர் அதைப் பொதுவுக்கு விட்டுவிட்டார் என்று நீண்டகாலப் பயன்பாட்டிலிருந்து நீதிமன்றம் முடிவுக்கு வரலாம். எஸ்டேட் நிர்வாகத்திடம் அனுமதி வாங்கி நடந்திருந்தால் மூன்றுமே பலவீனமாகும். அனுமதி என்பது கொடுத்தவர் திரும்பப் பெறக்கூடியது.

மிக முக்கியமானது காலக்கெடு. வேலி போட்டது தெரிந்தும் ஓர் ஆண்டு பேசாமல் இருந்துவிட்டால், உங்கள் அனுபவம் அறுந்துபோனதாகச் சட்டம் கொள்ளும். வழக்குப் போடுவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுக்குள் அந்த 20 ஆண்டு முடிவடைவதாக இருக்கவேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ‘அடுத்த வருடம் பார்த்துக்கொள்வோம்’ என்பதே பல ஊர்களில் பாதையைப் பறிகொடுக்க வைத்த வாக்கியம். அமைதியாக இருப்பதைப் பெருந்தன்மை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். சட்டத்தின் கண்ணில் அது சம்மதம்.

வேலி போட்டாகிவிட்டது. உடனே என்ன செய்யவேண்டும்?

வேலியை நீங்களே பிடுங்காதீர்கள். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் குற்ற வழக்கு உங்கள் மேல் வந்துவிடும். தேதி தெரியும்படி படம் எடுங்கள். அந்தப் பாதையில் நடந்த முதியவர்கள் நாலைந்து பேரின் வாக்குமூலத்தை எழுதிக் கையொப்பம் வாங்கிவையுங்கள். தாசில்தாருக்கும் கோட்டாட்சியருக்கும் எழுத்துமூலம் மனுக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.

பொதுமக்கள் முறையாகப் பயன்படுத்தும் வழியில் உள்ள தடையை அகற்ற உத்தரவிடும் அதிகாரம் கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவர்களுக்கு உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133-ஆவது பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆவது பிரிவு. ஆனால் எதிர்த்தரப்பு ‘இங்கே பொதுப்பாதையே கிடையாது’ என்று மறுத்து, அதற்கு நம்பத்தகுந்த சான்றும் காட்டினால், நடுவர் அந்த விசாரணையை நிறுத்திவிட்டு உரிமையியல் நீதிமன்றம் முடிவு செய்யட்டும் என்று விடவேண்டியதுதான். அதனால்தான் மனுவோடு புலப்படத்தையும் பத்திர நகலையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்கிறோம். பொதுத்தொல்லை என்ற அடிப்படையில், நீதிமன்ற அனுமதியோடு இரண்டு பேர் சேர்ந்தே வழக்குத் தொடரலாம். தனிப்பட்ட நஷ்டத்தை நிரூபிக்கவேண்டியதில்லை.

மனை போடுவதற்கு முன்பே தடுக்க வழியில்லையா?

உண்டு, அதுதான் சரியான நேரமும். வீடு கட்டிக் குடிவந்த பிறகு பாதையை மீட்பது யாருக்கும் வேதனை.

மலைப்பகுதிகளில் பட்டியலிடப்பட்ட கிராமங்களில் நிலத்தை மனையாக்க, 1990-இல் அமைக்கப்பட்ட ஹாக்கா என்னும் மலைப்பகுதிப் பாதுகாப்பு அமைப்பின் ஒப்புதல் வேண்டும். நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதியும் உள்ளாட்சியின் அனுமதியும் தனி. நீலகிரியில் பொக்லைன் இறக்கவே மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி தேவை. ஆகவே பொக்லைன் சத்தம் கேட்டால், அனுமதி இருக்கிறதா என்று அன்றைக்கே கேட்கலாம். தேயிலை, காபித் தோட்டம் என்ற காரணத்தால் 1961-ஆம் ஆண்டின் நில உச்சவரம்புச் சட்டத்தில் விலக்குப் பெற்ற நிலமாக இருந்தால், அதை வேறு உபயோகத்துக்கு மாற்றமுடியுமா என்பதும் கேட்கவேண்டிய கேள்வி.

வரைபடம் அனுமதிக்குப் போகும்போதே, பாதை குறித்த புலப்படத்தை இணைத்து ஆட்சேபம் தெரிவித்துவிடுங்கள். மனைப்பிரிவின் சாலைகளைத் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்குக் கொடுத்துவிடவேண்டும். நிலம் 10,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி அதையும் கொடுக்கவேண்டும். பழைய பாதையை ஒட்டியே இந்தச் சாலையும் திறந்தவெளியும் அமைந்தால் மனை விற்பவருக்கும் நஷ்டமில்லை, நடப்பவருக்கும் வழி நிற்கும். இதை ஊராட்சி வலியுறுத்தவேண்டும். தானமாகக் கொடுத்துவிட்ட சாலையில் பிறகு கேட் போட்டு ‘உறுப்பினர்களுக்கு மட்டும்’ என்று பலகை மாட்ட முடியாது.

பாதை காப்புக்காட்டுக்குள் போகிறது. அங்கே ரிசார்ட் வராதே, அது பத்திரமாகத்தானே இருக்கும்?

காட்டுக்குள் இருக்கும் பகுதி பத்திரம்தான். ஆனால் காட்டு எல்லையை அடையும் முதல் ஒரு கிலோமீட்டர் பெரும்பாலும் பட்டா நிலத்தில் ஓடுகிறது. அந்த ஒரு கிலோமீட்டர் அடைபட்டால், உள்ளே இருக்கும் பத்துக் கிலோமீட்டருக்கும் போக வழியில்லை.

காட்டுக்குள் நடப்பதற்கும் ஒழுங்குமுறை உண்டு. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்ததை மறக்கமுடியாது. அதே ஆண்டு மலையேற்றத்துக்கான விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் 14 மாவட்டங்களில் 40 வழித்தடங்களை வழிகாட்டியோடு திறந்தது. அவற்றுக்கு வெளியே வனத்துறை அனுமதியின்றிக் காப்புக்காட்டில் நுழைவது குற்றம். காட்டில் தலைமுறையாக வாழும் பழங்குடியினரின் நிலை வேறு. அவர்களுடைய உரிமைகளை 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அங்கீகரிக்கிறது.

எல்லாப் பாதைகளும் நமக்குத் திறந்திருக்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. நீலகிரியில் உள்ள சீகூர் பீடபூமியின் யானை வழித்தடத்தை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் உறுதிசெய்தது. அங்கே ரிசார்ட்டுக்கு இடமில்லை என்றால், நம்முடைய பொழுதுபோக்கு நடைக்கும் இடமில்லை.

மலை சைக்கிள் ஓட்டுகிறவர்கள்தான் பாதையைக் கெடுக்கிறார்கள் என்கிறார்களே?

பாதையைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர். சரிவில் நேர்கீழாக இறங்கும் பாதையில் மழைநீர் ஓடை போல ஓடி மண்ணை அரித்துவிடும். அதில் செருப்பு பட்டாலும் டயர் பட்டாலும் மேலும் குழியாகும். சரிவுக்குக் குறுக்கே, மெல்லிய சாய்வில் வளைந்து ஏறும் பாதை இரண்டையும் தாங்கும். ஈரத்தில் ஓட்டாமல் இருப்பதும், பிரேக் பிடித்துச் சறுக்காமல் இருப்பதும், எதிரே தலைச்சுமையோடு வருகிறவரைக் கண்டால் இறங்கி நிற்பதும் சைக்கிள்காரரின் கடமை.

சட்டத்தில் அவர் கவனிக்கவேண்டிய இன்னொன்று இருக்கிறது. ஒருவகை வழியுரிமை இன்னொரு வகையை உள்ளடக்காது என்கிறது அனுபோக உரிமைச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு. கால்நடைப் பாத்தியம் மட்டும் உள்ள இடத்தில் சக்கரத்தோடு போவதை உரிமையாகக் கேட்கமுடியாது. வண்டித்தடம் என்று பதிவு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வேறு நாடுகளில் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

இங்கிலாந்தின் அனுபவம் நமக்கு நேரடியாக உதவும். 1932 ஏப்ரலில் கிண்டர் ஸ்கவுட் மலையில் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் தடையை மீறி ஏறினார்கள், சிலர் சிறைக்கும் போனார்கள். 1949-இல் வந்த சட்டம் அங்குள்ள பொதுப்பாதைகளை எல்லாம் வரைபடமாக்கச் சொன்னது. ஊர் ஊராகச் சிறு உள்ளாட்சி மன்றங்கள் தங்கள் பாதைகளை நடந்து பார்த்துக் குறித்துக் கொடுத்தன. அந்த வரைபடத்தில் ஏறிய பாதைக்கு அதுவே முடிவான சான்று, நிலம் எத்தனை முறை கைமாறினாலும். குதிரைப்பாதைகளில் சைக்கிள் ஓட்டும் உரிமை 1968-இல் வந்தது.

இதற்கு இணையான சட்டம் இங்கே இல்லை. ஆனால் கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டில் ஆறு நாள் அது கூடுகிறது. வரும் கூட்டத்துக்கு முன் ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, கையில் புலப்படத்தோடு, உங்கள் ஊரின் பாதைகளை ஒருமுறை நடந்துவிடுங்கள். எங்கிருந்து எங்கே, எந்தச் சர்வே எண்கள் வழியாக, யாரெல்லாம் பயன்படுத்துகிறார்கள் என்று எழுதி, கிராம சபையில் தீர்மானமாக நிறைவேற்றி, நகலைத் தாசில்தாருக்கு அனுப்புங்கள். தீர்மானம் மட்டும் உரிமையை உண்டாக்காது. ஆனால் நாளை வேலி போட வருகிறவர் ‘இங்கே பாதை இருந்ததே எனக்குத் தெரியாது’ என்று சொல்ல முடியாது.