தோற்றால் லாபம் என்று ஒரு கணக்கு

வடசென்னையில் நடக்கும் பல டோர்னமென்ட்டுகள் ‘லீக் கம் நாக் அவுட்’ முறையில்தான் ஓடுகின்றன. ராயபுரமோ காசிமேடோ, திருவொற்றியூரோ எண்ணூரோ, வழக்கம் ஒன்றுதான். ஏ பூலில் நாலு டீம், பி பூலில் நாலு டீம். ஒரு பூலில் முதலாவதாக வரும் அணி, அடுத்த பூலில் இரண்டாவதாக வரும் அணியோடு செமி ஃபைனல் ஆட வேண்டும். இரண்டு மேட்ச் ஜெயித்து செமி உறுதியாகிவிட்ட அணி, மூன்றாவது மேட்ச்சுக்கு ஷூ கட்டும்போது எதிர் பூலைப் பார்க்கிறது. அங்கே பலமான டீம் எதிர்பாராமல் ஒரு மேட்ச் தோற்று இரண்டாவது இடத்தில் நிற்கிறது. “இந்த மேட்ச்ச விட்டுடலாம்ணா. ரெண்டாவதா போனா செமியில லேசான டீம்தான் வரும்” என்று யாராவது ஒருவர் கோச்சின் காதில் போடுகிறார்.

இதில் பணம் கைமாறுவதில்லை. யாரும் யாரையும் விலைக்கு வாங்குவதில்லை. “கோப்பைக்காகத்தானே ஒரு மேட்ச்சை விடுகிறோம், செஸ்ஸில் சிப்பாயைக் கொடுப்பதில்லையா?” என்று நியாயமும் சொல்லப்படுகிறது. இந்த நியாயம் ஒலிம்பிக் வரைக்கும் போய் வந்திருக்கிறது.

வெம்ப்ளியில் நடந்தது

2012 ஜூலை 31. லண்டன் வெம்ப்ளி அரங்கில் ஒலிம்பிக் பேட்மிண்டன், பெண்கள் இரட்டையர் லீக் ஆட்டம். ஒரு பக்கம் சீனாவின் வாங் சியாவ்லி, யூ யாங். மறுபக்கம் தென் கொரியாவின் ஜங் கியுங் யுன், கிம் ஹா நா. இரண்டு ஜோடிகளுக்குமே காலிறுதி உறுதியாகியிருந்தது. சீனாவின் இன்னொரு வலுவான ஜோடி, டென்மார்க்கிடம் தோற்றுத் தன் பிரிவில் இரண்டாவதாகப் போயிருந்தது. வெம்ப்ளியில் அன்று ஜெயிப்பவர்கள், அந்த ஜோடியை ஃபைனலுக்கு முன்பே சந்திக்க நேரும்.

சர்வீஸ் போட்டால் நேராக வலையில். திருப்பி அடித்தால் கோட்டுக்கு வெளியே. முதல் கேமில் எந்த ராலியும் நான்கு அடிகளைத் தாண்டவில்லை. டிக்கெட் வாங்கி வந்த கூட்டம் கூச்சலிட்டது. ரெஃப்ரி எச்சரித்தும் பலனில்லை. அன்று மாலையே இன்னொரு கொரிய ஜோடியும் இந்தோனேசிய ஜோடியும் இதே நாடகத்தை ஆடின. மறுநாள் எட்டு வீராங்கனைகளும் போட்டியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள்.

அதே ஒலிம்பிக்கில், அதே பிரிவில் நம் ஜுவாலா குட்டாவும் அஸ்வினி பொன்னப்பாவும் ஆடினார்கள். முந்தைய ஆண்டு அதே வெம்ப்ளியில் உலக சாம்பியன்ஷிப் வெண்கலம் வென்ற ஜோடி. மூன்று லீக் ஆட்டங்களில் இரண்டை வென்றும், ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் காலிறுதியை இழந்தார்கள். அவர்கள் பூலில் ஜப்பான் ஜோடி சீன தைபே ஜோடியிடம் தோற்றதை விசாரிக்க வேண்டும் என்று இந்தியா முறையிட்டது. முறையீடு தள்ளுபடியானது. ஜப்பான் ஜோடி மீது எந்தக் குற்றமும் நிரூபிக்கப்படவில்லை. அவர்கள் நேர்மையாகவே தோற்றிருக்கலாம். ஆனால் விட்டுக்கொடுக்கும் பழக்கம் ஒரு போட்டிக்குள் நுழைந்துவிட்டால், நேர்மையான தோல்வியையும் நம்ப முடியாமல் போகிறது.

மைதானத்தில் இல்லாத மூன்றாவது அணி

மேட்ச்சை விட்டுக்கொடுப்பது ஆடும் இரண்டு அணிகளின் சொந்த விஷயம் என்று நினைப்பதில்தான் தவறே தொடங்குகிறது. லீக்கில் ஒவ்வொரு முடிவும் அன்று ஆடாத இன்னொரு அணியின் தலையெழுத்தை மாற்றுகிறது. 1982 உலகக் கோப்பை கால்பந்தில் ஆஸ்திரியாவுக்கு எதிராக மேற்கு ஜெர்மனி 1-0 என்று முன்னிலை பெற்றதும், இரண்டு அணிகளும் பந்தைச் சும்மா தட்டிக்கொண்டு நேரத்தைக் கடத்தின. அந்த ஸ்கோர் இருவருக்கும் போதுமானதாக இருந்தது. முந்தைய நாளே தன் ஆட்டங்களை முடித்துவிட்டிருந்த அல்ஜீரியா, ஒன்றும் செய்ய முடியாமல் வீடு திரும்பியது.

செஸ்ஸில் சிப்பாயைக் கொடுப்பவர் அந்த ஆட்டத்தை ஜெயிக்கத்தான் கொடுக்கிறார். இழப்பு அவருடையது. வேண்டுமென்றே தோற்பவரோ மூன்றாமவரின் வாய்ப்பை எடுத்துக் கொடுக்கிறார்.

கணக்காவது பலிக்கிறதா? 1998 டைகர் கோப்பையில் தாய்லாந்தும் இந்தோனேசியாவும் மோதின. ஜெயிக்கும் அணி ஹனோய்க்குப் போய், போட்டியை நடத்தும் வியட்நாமை அதன் சொந்த மைதானத்தில் சந்திக்க வேண்டும். இரண்டு அணிகளுமே அதை விரும்பவில்லை. 2-2 என்றிருந்தபோது, கடைசி நிமிடங்களில் இந்தோனேசியாவின் முர்சித் எஃபெண்டி தன் வலைக்குள்ளேயே பந்தை அடித்தார். அந்த சேம் சைடு கோலைத் தடுக்க ஓடியவர்கள் தாய்லாந்து வீரர்கள்! முர்சித்துக்கு சர்வதேசப் போட்டிகளில் ஆட ஆயுள் தடை, இரு அணிகளுக்கும் தலா 40,000 டாலர் அபராதம். செமியில் இரண்டு அணிகளும் தோற்றன. இந்தோனேசியா ‘லேசான டீம்’ என்று தேர்ந்தெடுத்த சிங்கப்பூர், அந்தச் செமியையும் வென்று, ஹனோயில் வியட்நாமையும் வீழ்த்திக் கோப்பையைத் தூக்கியது. ஃபைனலின் ஒரே கோலைப் போட்டவர், இந்திய வம்சாவளி வீரரான ஆர்.சசிகுமார்.

தகுதி உறுதியான பிறகு களைத்த வீரர்களை உட்காரவைப்பது வேறு. 2018 உலகக் கோப்பையில் இங்கிலாந்தும் பெல்ஜியமும் கடைசி லீக் ஆட்டத்தில் மாற்று வீரர்களையே பெருமளவில் இறக்கின. இறங்கியவர்கள் ஜெயிக்க ஆடினால் அதில் குறையில்லை. ஜெயிக்காதே என்று சொல்லி இறக்குவதுதான் குற்றம்.

நம் பையன்களுக்கு என்ன நஷ்டம்?

வடசென்னையில் விளையாட்டு வெறும் பொழுதுபோக்கு அல்ல. புது வண்ணாரப்பேட்டை செரியன் நகரைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். துறைமுகத்திலும் கம்பெனிகளிலும் கூலி வேலை பார்க்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கல்லூரி சீட்டு, ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலை என்று விளையாட்டு ஒரு வழி திறக்கிறது. அந்த வழி, யாரோ ஒரு கல்லூரி கோச் வந்து உட்கார்ந்து பார்க்கும் ஒரே ஒரு மேட்ச்சில் திறக்கலாம். அன்றைக்கு “மெதுவா ஆடு” என்று சொல்வது, அந்தப் பையனின் எதிர்காலத்தில் கை வைப்பது. பதினைந்து வயதில் தோற்கச் சொல்லிக்கொடுத்தால், பிறகு காசு வாங்கிக்கொண்டு தோற்கச் சொல்பவனிடம் மறுப்பதற்கு அவனிடம் என்ன இருக்கும்?

ஆனால் பழியை ஆட்டக்காரர்கள் மீது மட்டும் போடுவது நியாயமில்லை. தோற்றால் லாபம் வரும்படி ஃபிக்ஸ்ச்சர் போட்டவர்களுக்கும் இதில் பங்குண்டு. 1982-க்குப் பிறகு உலகக் கோப்பையில் ஒரே பிரிவின் கடைசி ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடத்தப்படுகின்றன. 2012-க்குப் பிறகு ஒலிம்பிக் பேட்மிண்டன் இரட்டையரில் இரண்டாம் இடம் பெறும் ஜோடிகளுக்கு லீக் முடிந்த பிறகு தனியாகக் குலுக்கல் நடக்கிறது. ஐ.பி.எல்.லில் 2011-லிருந்து முதல் இரண்டு இடங்களில் வரும் அணிகள் பிளே-ஆஃபில் ஒரு தோல்வியைத் தாங்கலாம். அதனால் மேலே வர எல்லோரும் போராடுகிறார்கள்.

இவற்றைச் செய்ய நம் டோர்னமென்ட் கமிட்டிகளுக்குப் பெரிய செலவில்லை. லீக் முடிந்த பிறகு, எல்லா கேப்டன்களும் பார்க்க, செமிக்குச் சீட்டு குலுக்கிப் போடுங்கள். எதிராளி யாரென்று முன்கூட்டியே தெரியாவிட்டால், தோற்பதில் லாபமே இல்லை. பூலில் முதலாவதாக வரும் அணிக்குச் சிறிய தொகையாவது தனிப் பரிசாகக் கொடுங்கள். வேண்டுமென்றே தோற்றதாகத் தெரிந்தால், அந்தப் பையனைத் தண்டிப்பதற்கு முன் சொல்லிக்கொடுத்த கோச்சை விசாரியுங்கள். அடுத்த சீசனுக்கான நோட்டீஸ் அச்சடிக்கும்போதே இந்த விதிகளையும் அதில் போட்டுவிடுங்கள்.