‘ஓசி’ விளம்பரம் எவ்வளவு தூரம் போகும்?

வாரத்துக்கு நாலைந்து பேராவது எனக்குப் புலனத்தில் எழுதுகிறார்கள். “தங்கச்சி, வீட்டுல பலகாரம் செஞ்சு விக்கிறேன், காலை நிகழ்ச்சியில ஒரு வார்த்தை சொல்லிடுங்க லா.” “சிஸ்டர், எங்க தாமான்ல புதுசா முடிவெட்டும் கடை திறந்திருக்கோம், கடைப் பேரை மட்டும் சொன்னா போதும்.” எழுதுகிறவர்கள் எல்லாரும் நம்மவர்கள். வேலை போனவர்கள், இ.பி.எப். பணத்தை எடுத்துக் கடை போட்டவர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அடுப்பைப் பற்றவைக்கிறவர்கள்.

மறுப்பது கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மறுக்கிறேன். வானொலி நிலையம் விற்கும் ஒரே சரக்கு நேரம். அதில் 30 விநாடியைக் காசு கொடுத்து வாங்கிய ஒரு தையல் கடைக்காரர் இருக்கும்போது, பக்கத்துத் தையல் கடையை நான் சும்மா புகழ்ந்தால் அது அவரை ஏமாற்றுவதாகும். இன்னொரு காரணமும் உண்டு. நான் சொன்னாலும் பயனிருக்காது. காலை எட்டே கால் மணிக்குக் கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் நிற்பவர், ஒரே ஒரு தடவை காதில் விழுந்த கடைப் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எங்கே எழுதி வைப்பார்?

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். என் சம்பளம் விளம்பரப் பணத்திலிருந்து வருகிறது. இந்த இதழும் விளம்பரம் இல்லாமல் அச்சேறாது. ஆகவே, ‘சிறு வியாபாரிகள் விளம்பரத்துக்குக் காசு செலவழிக்க வேண்டும்’ என்று நான் எழுதினால் நீங்கள் சந்தேகப்படுவது நியாயம். ஆனால், வானொலி உங்களுக்கு வேண்டாம் என்று நானே பலரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதையும் கீழே சொல்கிறேன்.

“நாங்க விளம்பரத்துக்குக் காசு செலவழிக்கிறதே இல்ல” என்பார்கள். கொஞ்சம் கிளறினால் கதை வேறாக இருக்கும். கோயில் திருவிழா மலரில் அரைப் பக்கம், சங்கத்தின் ஆண்டு மலரில் கால் பக்கம், முன்னாள் மாணவர் விருந்து நிகழ்ச்சிப் புத்தகத்தில் ஒரு வாழ்த்து. மூன்றிலும் முதலாளியின் பெரிய படம், கைகூப்பி நிற்பார். கீழே பொடி எழுத்தில் கடைப் பெயர். என்ன விற்கிறார், எங்கே விற்கிறார் என்பது தெரியாது. ஆண்டுக்கு ஐந்நூறு, அறுநூறு வெள்ளி இப்படியே போய்விடும். வந்து கேட்டவரிடம் முகத்தை முறிக்க முடியாமல் கொடுத்த பணம் அது. கொடுப்பது தப்பில்லை, கணக்குப் புத்தகத்தில் நன்கொடை என்று எழுதுங்கள். விளம்பரம் என்று எழுதிவிட்டு, பிறகு ‘விளம்பரம் கொடுத்தேன், ஒருத்தரும் வரலை’ என்று அலுத்துக்கொள்வதுதான் தப்பு.

கிள்ளான் பக்கம் ஓர் அக்காவை எனக்கு மூன்று ஆண்டுகளாகத் தெரியும். பத்தொன்பது ஆண்டுகள் தொழிற்சாலையில் வேலை. அது மூடப்பட்டதும் முறுக்கு, நெய் உருண்டை, ஓமப்பொடி என்று வீட்டிலேயே ஆரம்பித்தார். கை சுத்தம், ருசியில் குறை சொல்ல முடியாது. முதல் தீபாவளிக்கு 200 டப்பா போனது. இரண்டாவது தீபாவளிக்கும் ஏறக்குறைய அதே அளவு. மூன்றாவது ஆண்டு 160. அக்கா பயந்துவிட்டார். மகன் கல்லூரியில் முதலாண்டு; வருமானத்தில் பெரும்பங்கு அந்த இரண்டு மாத வியாபாரத்திலிருந்துதான்.

யார் யார் வாங்கினார்கள் என்று உட்கார்ந்து எழுதிப் பார்த்தோம். பழைய தொழிற்சாலைத் தோழிகள், அண்டை வீட்டார், கோயிலில் பார்ப்பவர்கள், சொந்தக்காரர்கள். அவ்வளவுதான். இரண்டு குடும்பங்கள் வீடு மாறிவிட்டன. ஒரு தோழி தானே முறுக்கு சுட்டு விற்க ஆரம்பித்துவிட்டார். மற்றவர்கள் பேரங்காடியில் சலுகை விலையில் அடுக்கி வைத்த டப்பாக்களைத் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டார்கள். வாய்மொழி விளம்பரத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அது உங்களைத் தெரிந்தவர்களுக்குள்ளேயே சுற்றி வரும். அவர்கள் எண்ணிக்கை குறையும்போது வியாபாரமும் கூடவே குறையும். மூன்று தெரு தள்ளி, உங்கள் பெயரையே கேள்விப்படாத ஒரு குடும்பம் தீபாவளிப் பலகாரம் தேடிக்கொண்டிருக்கும். அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குத்தான் காசு.

முகநூல் பக்கம்தான் இருக்கிறதே, அங்கே சும்மா போட்டால் போதாதா என்று அக்கா கேட்டார். பலரும் கேட்கும் கேள்விதான். பக்கத்தில் நீங்கள் போடுவது உங்களைப் பின்தொடரும் எல்லாருக்கும் காட்டப்படுவதில்லை. யாருக்கு எதைக் காட்டுவது என்று அந்த நிறுவனம் வரிசைப்படுத்துகிறது. உங்கள் முறுக்குப் படம் யாரோ ஒருவரின் கல்யாணப் படத்தோடும் பூனைக் காணொளியோடும் போட்டி போட வேண்டும். காசு கட்டினால் எந்த ஊர், எத்தனை கிலோமீட்டர் சுற்றளவு, எந்த வயது, எந்த நாட்கள் என்று நீங்கள் தீர்மானிக்கலாம். பொத்தானை அழுத்தியதும் நேராக உங்கள் புலனத்துக்கே செய்தி வரும்படியும் அமைக்கலாம்.

அக்காவின் கணக்கை அப்படியே தருகிறேன், உங்கள் தொழிலுக்கு மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு டப்பா 25 வெள்ளி. மாவு, எண்ணெய், எரிவாயு, டப்பா, ஒட்டுத்தாள், உதவிக்கு வரும் பெண்ணின் கூலி எல்லாம் சேர்த்து 16 வெள்ளி. மிச்சம் 9. விளம்பரத்துக்கு நாளுக்கு 10 வெள்ளி வீதம் 30 நாளுக்கு 300. இதோடு சேவை வரியும் உண்டு. வெளிநாட்டு மின்னியல் சேவைகளுக்கு நம் நாட்டில் 2020 ஜனவரியில் 6 விழுக்காட்டில் தொடங்கியது, 2024 மார்ச் 1 முதல் 8 விழுக்காடு. ஆக 324 வெள்ளி. அதை 9-ஆல் வகுத்தால் 36. கூடுதலாக 36 டப்பா விற்றால் போட்ட காசு திரும்பிவிடும். “முப்பத்தாறா? அது ஒரு ராத்திரி வேலைதானேம்மா” என்றார். அதுவரை 300 வெள்ளி என்றதும் அவர் முகத்தில் இருந்த கலக்கம் போய்விட்டது. விளம்பரச் செலவை வெள்ளியில் பார்த்தால் பயமாக இருக்கும். டப்பாவிலோ புடவையிலோ தலைமுடி வெட்டிலோ எண்ணிப் பார்த்தால் முடிவெடுப்பது சுலபம்.

முதல் வாரம் சொதப்பியது. விளம்பரம் நாடு முழுவதும் போயிருக்கிறது. ஜொகூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் நாற்பது பேருக்கு மேல் ‘விலை என்ன?’ என்று கேட்டார்கள்; தபால் கட்டணம் சொன்னதும் காணாமல் போனார்கள். மூன்று பேர்தான் வாங்கினார்கள். படமும் சரியில்லை. மயில், குத்துவிளக்கு, பட்டாசு, அக்காவின் படம், பதினொரு பலகாரங்களின் பட்டியல், இரண்டு தொலைபேசி எண்கள் எல்லாம் ஒரே சதுரத்துக்குள். எட்டாம் நாள் மாற்றினோம். வீட்டைச் சுற்றிப் பத்து கிலோமீட்டர் மட்டும். படத்துக்குப் பதில், மகன் கைப்பேசியில் எடுத்த இருபது விநாடிக் காணொளி: அச்சிலிருந்து மாவு சுழன்று எண்ணெயில் விழுகிறது, அந்தச் சத்தம் கேட்கிறது. கீழே விலை, எங்கே வந்து எடுத்துக்கொள்வது, கடைசி நாள். வேறொன்றும் இல்லை.

முப்பது நாள் முடிவில், விளம்பரத்தைப் பார்த்து வந்தவர்கள் என்று உறுதியாகத் தெரிந்தவர்கள் வாங்கியது 52 டப்பா. லாபம் 468 வெள்ளி. செலவு போக 144. இதற்கா இத்தனை பாடு என்று அக்காவின் கணவர் கேட்டார். கேட்கத்தான் செய்வார்கள். ஆனால் அந்த 52 டப்பாவை வாங்கியவர்கள் 31 பேர். அதுவரை அக்காவுக்கு யாரென்றே தெரியாதவர்கள். அடுத்த சில மாதங்களில் அவர்களில் 11 பேர் விளம்பரம் எதுவும் இல்லாமலே திரும்ப வந்தார்கள். ஒருவர் மகளின் நிச்சயதார்த்தத்துக்கு 80 பொட்டலம் கேட்டார். அக்கா வாங்கியது 144 வெள்ளி லாபத்தை என்பதைவிட, 31 வீட்டு முகவரிகளை என்று சொல்வதுதான் சரியான கணக்கு.

இனி வானொலி. ஊடகப் படிப்பின் முதலாண்டில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த செய்தி இது: அமெரிக்காவின் முதல் வானொலி விளம்பரமாகப் பேசப்படுவது 1922 ஆகஸ்டு 28-இல் நியூயார்க்கின் டபிள்யு.இ.ஏ.எப். நிலையத்தில் ஒலிபரப்பானது. நிலையத்தை நடத்தியது ஒரு தொலைபேசி நிறுவனம். தொலைபேசியில் பேசக் காசு கட்டுவதுபோல் வானொலியில் பேசவும் கட்டட்டுமே என்பது அவர்கள் யோசனை. குவீன்ஸ்பரோ என்ற வீடமைப்பு நிறுவனம் 50 டாலர் கட்டி, ஜாக்சன் ஹைட்ஸ் அடுக்குமாடி வீடுகளைப் பற்றிச் சுமார் பத்து நிமிடம் பேசியது. இன்று அரை நிமிடம்தான் கிடைக்கும். தமிழில் அதற்குள் ஐம்பது, அறுபது சொற்களுக்கு மேல் நிதானமாகப் பேச முடியாது. அதில் கடைப் பெயரை மூன்று முறை, முழு முகவரி, நிறுவனர் பெயர், அவர் அப்பா பெயர், பண்டிகை வாழ்த்து என்று எழுதிக்கொண்டு வருவார்கள். அத்தனையையும் மூச்சுவிடாமல் படித்துவிடுவோம். கேட்பவர் மனத்தில் ஒன்றும் தங்காது.

நாடு முழுக்கக் கேட்கும் நிலையத்தில், கிள்ளானில் மட்டும் இருக்கும் கடைக்கு விளம்பரம் கொடுத்தால் ஈப்போவிலும் சுங்கைப்பட்டாணியிலும் இருக்கும் காதுகளுக்கும் சேர்த்துக் காசு கட்டுகிறீர்கள். மூன்று நான்கு ஊர்களில் கிளை இருந்தால், நாடு முழுக்க அனுப்பக்கூடிய பொருளாக இருந்தால், ஒரே விளம்பரத்தைப் பல வாரம் திரும்பத் திரும்பப் போட வசதியிருந்தால் வாருங்கள். ஒரே ஒரு நாளுக்கு மட்டும் கேட்டு வருபவர்களிடம், அந்தக் காசை வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். விற்பனைப் பிரிவில் இருப்பவர்களுக்கு இதைப் படிக்கப் பிடிக்காது.

மூலிகை எண்ணெய், கசாயப் பொடி விற்பவர்களுக்குத் தனியாக ஒன்று. 1956-ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. நீரிழிவு, புற்றுநோய், ஆஸ்துமா போன்றவற்றைக் குணப்படுத்தும் என்று பொதுமக்களுக்கு விளம்பரம் செய்ய முடியாது. மருந்து விளம்பரத்துக்கு வாரியத்தின் அனுமதி வேண்டும். அனுமதி பெற்றவற்றில் கே.கே.எல்.ஐ.யு. என்று தொடங்கும் எண் இருக்கும். ‘முகநூல்தானே’ என்று எண்ண வேண்டாம்.

எல்லாருக்கும் விளம்பரம் வேண்டியதில்லை. ஏற்கெனவே வரும் ஆர்டரையே முடிக்கத் திணறும் தையல்காரர் விளம்பரம் செய்தால், தாமதத்தைத்தான் ஊருக்குச் சொல்கிறார். புலனத்தில் வந்த கேள்விக்கு மறுநாள் பதில் போடுகிறவர்களும் கொஞ்சம் பொறுக்கலாம். கேட்டவர் அதற்குள் வேறு இடத்தில் வாங்கியிருப்பார். இலவசமாகக் கிடைப்பதை முதலில் முடியுங்கள்: கூகள் வரைபடத்தில் கடையைப் பதிவு செய்யக் காசில்லை. மெட்டாவின் விளம்பர நூலகத்தில், உங்களைப் போன்ற கடைகள் இப்போது ஓட்டிக்கொண்டிருக்கும் விளம்பரங்களை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒரு மணி நேரம் பார்த்தால் போதும், நான் நடத்தக்கூடிய எந்த வகுப்பையும்விட அதிகம் தெரிந்துகொள்வீர்கள்.

நேரமும் முக்கியம். சமூக ஊடக விளம்பரம் ஏலத்தில் போகிறது. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் பெரிய துணிக்கடைகளும் நகைக்கடைகளும் பேரங்காடிகளும் அதே வாடிக்கையாளருக்காகக் காசைக் கொட்டுவார்கள். உங்கள் பத்து வெள்ளிக்கு அப்போது குறைந்த பேர்தான் பார்ப்பார்கள். கொஞ்சம் முன்கூட்டியே ஆரம்பித்து, முன்பதிவு வாங்கிக்கொள்வது நல்லது. ரசீதுகளையும் பத்திரப்படுத்துங்கள். வியாபாரத்துக்காக மட்டும் செய்த விளம்பரச் செலவை வருமான வரிக் கணக்கில் கழிக்கலாம்.

அக்கா இப்போது ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார். புதிதாக யார் வந்தாலும் “எங்கம்மா பார்த்தீங்க?” என்று கேட்டு ஒரு கோடு போடுகிறார். முகநூல், தெரிந்தவர் சொன்னது, கடைசியில் கோயில் மலர் என்று மூன்று பத்தி. மூன்றாவது பத்தி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. இந்த ஆண்டும் மலருக்கு ஐம்பது வெள்ளி கொடுத்தாராமே என்று கேட்டேன். “அது சாமிக்கும்மா” என்றார்.