புதர் அல்ல, காயா

காரைக்குடிப் பக்கத்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "எங்கள் ஊர் ஐயனார் கோயில் காடு புதர் மண்டிக் கிடக்கிறது. இளைஞர்கள் சேர்ந்து சுத்தம் செய்து மரக்கன்று நடலாமா?" நல்ல மனசோடு கேட்டிருக்கிறார். அதனால்தான் அவசரமாக எழுதுகிறேன்: வேண்டாம்.

ஐயனாருக்கு மண்குதிரை எடுக்கும் புரவியெடுப்பைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோயில் காட்டு மரங்களைச் சொல்கிறேன். வீரை, உலக்கைப்பாலை, காயா எல்லாமே கோடையிலும் பச்சை மாறாதவை. ஐப்பசி, கார்த்திகை மழையை வாங்கிக்கொண்டு, தோல்போல் தடித்த இலைகளால் மிச்ச மாதங்களை ஓட்டிவிடும். சித்திரை வெயிலில் தெருவிலிருந்து எங்கள் வீட்டு வளவுக்குள் கால் வைத்ததும் ஒரு குளிர்ச்சி வருமே, அதே குளிர்ச்சி அந்தக் காட்டுக்குள்ளும் உண்டு.

இவற்றில் எனக்குப் பிடித்தது காயா. காசா என்றும் சொல்வார்கள். பூக்கும்போது கிளையோடு ஒட்டிக் கொத்துக் கொத்தாக நீலம் அப்பிவிடும். அதைவிட அதிசயம் இலையில் இருக்கிறது. மண்ணிலுள்ள அலுமினியத்தை உறிஞ்சி இலையில் சேர்த்து வைக்கும் மரம் இது. துணியில் சாயம் நிற்கப் படிகாரம் போடுகிறோமே, அதிலும் வேலை செய்வது அலுமினியம்தான். சோழமண்டலக் கரைச் சாயக்காரர்கள் சாயவேரோடு காசா இலையையும் சேர்த்தார்கள். வேதியியல் படிக்காமலே ஒரு மரத்தின் குணத்தைக் கண்டுபிடித்தவர்களை நினைத்தால் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

ஆனால் காயா மிக மெதுவாக வளரும். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் கைப்பிடிக்குள் அடங்கிய ஒரு காயாவை இன்றும் ஒரு கைக்குள் பிடித்துவிடலாம். நீங்கள் புதர் என்று வெட்டப்போவது உங்கள் ஐயா காலத்து மரமாக இருக்கலாம். சின்னான் குருவி தின்று எச்சத்தோடு போடும் விதை சருகுக்கடியில் ஈரத்தில் முளைக்கிறது. சருகைக் கூட்டிச் சிமெண்ட் தளம் போட்டால் அந்தக் கன்றுக்கு இடமேது? விழுந்த சுள்ளியைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போகாதே, சாமி குத்தம் என்று பெரியவர்கள் சொன்னது மிகத் தேர்ந்த மரப் பராமரிப்பு. அதைப் பயம் என்று ஒதுக்கிவிட்டு, பக்கத்திலேயே தைலமரம் நட்டோம்.

நத்தம் பக்கம் காசம்பட்டியில் வீரகோவில் காடு வெறும் 4.97 ஹெக்டேர், ஏறக்குறைய 12 ஏக்கர். அங்கே மிகுந்திருப்பதும் காயாதான். 2025 மார்ச்சில் அதைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. ஊர்க்காரர்கள் அதுவரை கோடரி படாமல் வைத்திருந்ததால்தான் அறிவிக்க ஒரு காடு இருந்தது.

இளைஞர்களுக்கு வேலை இல்லாமல் இல்லை. காட்டோரத்தில் சீமைக்கருவேல் கன்று தலைகாட்டினால் வேரோடு பிடுங்கட்டும். திருவிழா முடிந்ததும் பிளாஸ்டிக் தட்டுகளைப் பொறுக்கட்டும். பொங்கல் அடுப்பை மரத்தடியை விட்டுத் தள்ளி மூட்டட்டும். விளக்குமாறு கோயில் வாசலோடு நின்றுகொள்ளட்டும்.