மேல் வீட்டுத் தண்ணீர், கீழ் வீட்டுச் சுவர்



சமவெளியில் அண்டை வீடு பக்கத்தில் இருக்கும். நம் நீலகிரியில் அது பெரும்பாலும் மேலேயோ கீழேயோதான் இருக்கிறது. சரிவைப் படிப்படியாக வெட்டி மனை பிரித்த குடியிருப்புகளில் மேல் வரிசையின் தண்ணீர் கீழ் வரிசையைத் தாண்டித்தான் ஓடையைச் சேர வேண்டும். நடுவில் கால்வாய் அடைத்துக்கொண்டால் அந்தத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும். ஊறிய மண் கனத்து, பிடிப்பை இழந்து, கீழ் வீட்டின் தடுப்புச் சுவரைத் தள்ளும். 2009 நவம்பர் மழையில் நம் மாவட்டத்தில் ஏற்பட்ட மண்சரிவுகளில் 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நாம் மறக்க முடியாது.

கால்வாயை ஒரு வீட்டார் மட்டும் சுத்தம் செய்து பயனில்லை. மேலிருந்து கீழ்வரை எல்லோரும் சேர வேண்டும். இப்படிச் சேர்ந்து சாதித்தவர்கள் நம் மாநிலத்திலேயே இருக்கிறார்கள். 1989இல் சென்னையில் எம்.பி. நிர்மல் தொடங்கிய எக்ஸ்னோரா இயக்கத்தில், ஒரு தெருவின் குடும்பங்கள் மாதம் சிறு தொகை போட்டு, மூன்று சக்கர வண்டியுடன் ஒருவரை அமர்த்தி, வீடு வீடாகக் குப்பையை எடுக்கச் செய்தன. தெருமுனைக் குப்பைமேடு தானாக மறைந்தது. நம் குன்னூரிலும் ‘கிளீன் குன்னூர்’ என்ற பெயரில் பொதுமக்கள் திரண்டு, 2019இல் ஊர் நடுவே ஓடும் ஆற்றைச் சுத்தம் செய்தார்கள்.

நம் குடியிருப்பில் எப்படித் தொடங்குவது?

1. வரிசைக்கு ஒருவராகப் பொறுப்பாளரைத் தேர்ந்தெடுங்கள். பெண்களும் இருக்கட்டும், தண்ணீர் எங்கே தேங்குகிறது என்பது வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

2. ஜூன் மாத மழைக்கு முன்பும், அக்டோபர் மழைக்கு முன்பும் கால்வாயை மேலிருந்து கீழாக நடந்து பாருங்கள். தடுப்புச் சுவரில் நீர் வடியும் துளைகள் அடைபட்டிருந்தால் திறந்துவிடுங்கள். சுவரில் புது விரிசலோ வீக்கமோ தெரிந்தால் அன்றே அதிகாரிகளிடம் சொல்லுங்கள்.

3. மட்கும் குப்பையையும் மட்காததையும் தனித்தனியே வையுங்கள். சாப்பாட்டு மிச்சத்தை வெளியே கொட்டினால் கரடியும் காட்டுப்பன்றியும் வாசலுக்கு வரும்.

4. உங்கள் சாலையும் பூங்கா இடமும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் மூலம் ஒப்படைக்கப்பட்டுவிட்டதா என்று விசாரியுங்கள். மனை விற்றவர் ஒப்படைக்காமல் விட்டிருந்தால், அங்கே அரசுப் பணம் செலவிடுவது கடினம். பல மனுக்கள் இதனால்தான் கிடப்பில் கிடக்கின்றன.

5. தமிழக அரசின் ‘நமக்கு நாமே’ திட்டத்தில் பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் செலுத்தினால், மீதியை அரசு தருகிறது. உங்கள் பணி அதில் சேருமா என்று உள்ளாட்சிப் பொறியாளரிடம் கேளுங்கள்.

6. வசூலையும் செலவையும் மாதாமாதம் எழுதி எல்லோருக்கும் காட்டுங்கள். கணக்கு தெளிவாக இருந்தால்தான் அடுத்த மாதமும் பணம் வரும். சந்தா கட்ட முடியாத குடும்பத்தை வற்புறுத்த வேண்டாம். ஒரு மணி நேர உழைப்பும் சந்தாதான்.

நம் ஜமாஅத்தார் மட்டும் கூடி முடிக்கிற வேலையல்ல இது. மேல் வீட்டில் படுகர் குடும்பம் இருக்கலாம், கீழ் வீட்டில் தாயகம் திரும்பியோர் இருக்கலாம். அண்டை வீட்டாரின் ஹக் எல்லோருக்கும் உரியது. பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அடைத்த கால்வாயும் அப்படிப்பட்ட இடையூறுதான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மேல் வீட்டுக் கதவையும் கீழ் வீட்டுக் கதவையும் தட்டுங்கள். அடுத்த மழைக்கு முன் கால்வாய் திறந்துவிடும், இன்ஷா அல்லாஹ்.